நாய், பூனையை எண்ணெய் வர்ணத்தில் வரையப் பொருள் சேர்த்தல்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான். ஹட்டன் 1,271 மீட்டர். இந்தக் குளிரும் மூடுபனியும் எண்ணெய் வர்ணம் காயும் வேகத்தை மாற்றிவிடுகின்றன. அதனால் வாங்க வேண்டிய பொருட்களும் கொஞ்சம் மாறுகின்றன. கொழும்பில் இருப்பவருக்குச் சரியாக வரும் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே வந்தால் பாதியில் சிக்கல் வரும். கீழே உள்ள பதில்கள் 12×16 அங்குல அளவில் ஒரு நாய் அல்லது பூனையின் தலையும் தோளும் வரைவதை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதல் தடவை வரையப் போகிறேன். குறைந்தது எதையெல்லாம் வாங்க வேண்டும்?

வர்ணத்தில் டைட்டேனியம் வைட், யெலோ ஓக்கர், பர்ன்ட் சியெனா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரீன் புளூ, பேர்மனன்ட் அலிசரின் ஆகிய ஆறு போதும். பச்சைக் கண் பூனை என்றால் ஏழாவதாக ஒரு லெமன் யெலோ சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை மட்டும் 37 மில்லிலீட்டர் டியூப். மற்றவை 12 அல்லது 20 மில்லிலீட்டர் இருந்தால் ஒரு படம் தாராளமாக முடியும். வெள்ளைதான் எப்போதும் முதலில் தீரும்.

இவற்றோடு பிரஷ் ஐந்து, ஒரு பெலட் கத்தி, சுத்திகரித்த லின்சீட் எண்ணெய் 75 மில்லிலீட்டர், கரைப்பான் (மினரல் டர்பன்டைன்) ஒரு சிறு போத்தல், வரைய ஒரு பலகை அல்லது கன்வஸ், பழைய பருத்தித் துணி, மூடியுள்ள இரண்டு ஜாம் போத்தல். பெலட், அதாவது வர்ணம் கலக்கும் தட்டு, வாங்கத் தேவையில்லை. படச்சட்டம் போடும் கடையில் 10×12 அங்குலக் கண்ணாடித் துண்டு ஒன்று வெட்டி வாங்கி, ஓரத்தைச் சாண்ட் பேப்பரால் மழுக்கி, அடியில் சாம்பல் நிறக் கடதாசி ஒட்டினால் அதைவிட நல்ல பெலட் கிடையாது. காய்ந்த வர்ணத்தைப் பிளேட்டால் சுரண்டி எடுத்துவிடலாம்.

24 டியூப் உள்ள பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கினால் என்ன?

வேண்டாம். அந்தப் பெட்டியில் நாய் மயிருக்கு உதவாத பச்சை நான்கும் ஊதா இரண்டும் இருக்கும். வெள்ளை மற்றவற்றின் அளவிலேயே ஒரே ஒரு சின்ன டியூப்தான் இருக்கும். அதே காசில் நல்ல வர்ணம் ஆறு வாங்கலாம்.

டியூபின் பின்பக்கத்தில் நிறப்பொடியின் எண் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். டைட்டேனியம் வைட் என்றால் பிடபிள்யூ 6, அல்ட்ராமரீன் என்றால் பிபி 29, அம்பருக்கும் சியெனாவுக்கும் பிபிஆர் 7. வெள்ளையில் பிடபிள்யூ 4 மட்டும் இருந்தால் அது சிங்க் வைட். எண்ணெயில் காய்ந்தபின் நொறுங்கும் தன்மை உள்ளது, விட்டுவிடுங்கள். அலிசரினில் பிஆர் 83 என்றிருந்தால் வெளிச்சத்தில் மங்கும். நாக்கும் காதின் உட்புறமும் சில வருடத்தில் வெளிறிப்போகும். "பேர்மனன்ட்" என்று எழுதிய அலிசரினைக் கேட்பது அதற்காகத்தான். "ஹியூ" என்ற சொல் இருந்தால் மூலப் பொடிக்குப் பதில் வேறு பொடி கலந்தது என்று அர்த்தம். கெட்டது என்றில்லை, பெயரைப் பார்த்து எதிர்பார்க்கும் கலவை வராமல் போகலாம்.

கறுப்பு நாய்க்குக் கறுப்பு டியூப் இல்லாமல் எப்படி?

பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும் சமமாகக் கலந்தால் ஆழமான கறுப்பு வரும். நீலம் கூடினால் குளிர்ந்த கறுப்பு, அம்பர் கூடினால் சூடான கறுப்பு. கறுப்பு நாயின் முதுகிலும் நெற்றியிலும் வானத்தின் வெளிச்சம் விழும் இடம் நீலச் சாம்பலாகத் தெரியும். கழுத்தின் கீழும் காதின் ஓரத்திலும் செம்பழுப்பு அடிக்கும். ஐவரி பிளெக் டியூப்பால் எல்லாவற்றையும் பூசினால் அந்த வித்தியாசம் செத்துவிடும், நாய் வெட்டி ஒட்டிய நிழல்போல நிற்கும். இன்னொரு காரணம் எங்கள் காலநிலை. ஐவரி பிளெக் மெதுவாகக் காயும் வர்ணம். அம்பரில் இயற்கையாக மாங்கனீசு இருப்பதால் அது மற்ற வர்ணங்களைவிடச் சீக்கிரம் காயும், கலந்த வர்ணத்தையும் இழுத்துக் காயவைக்கும். குளிரில் இது பெரிய உதவி.

வெள்ளைப் பூனைக்கு?

வெள்ளை மயிரில் தூய வெள்ளை மிகக் குறைவு. வெள்ளையோடு துளி ஓக்கர், துளி நீலச் சாம்பல் கலந்து உடம்பு முழுவதையும் முடியுங்கள். டியூபிலிருந்து வந்த வெள்ளையைக் கடைசி நாள் நெற்றி, மூக்குத் தண்டு, மீசை ஆகிய மூன்று நான்கு இடங்களில் மட்டும் வையுங்கள்.

ஹாட்வெயாரில் லின்சீட், டர்பன்டைன், தின்னர் எல்லாம் இருக்கிறது. பாவிக்கலாமா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில்.

காய்ச்சிய லின்சீட் மரச்சாமானுக்கு. சீக்கிரம் காய்வதற்கு அதில் உலோக உப்புக்கள் சேர்த்திருப்பார்கள். படம் கறுத்து மஞ்சளாகும். ஓவியத்துக்கென்று சுத்திகரித்த லின்சீட் வேறு பொருள். 75 மில்லிலீட்டர் போத்தல் ஒன்று பல படங்களுக்கு வரும், இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

மினரல் டர்பன்டைனை முதல் பூச்சைக் கரைக்கவும் பிரஷ் கழுவவும் பாவிக்கலாம். வாங்கியதும் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். ஆவியாகிப்போனபின் கறை எதுவும் இல்லாவிட்டால் நல்லது. எண்ணெய் வளையம் தெரிந்தால் அந்தப் போத்தல் பிரஷ் கழுவ மட்டும்.

லெக்கர் தின்னர் வேண்டவே வேண்டாம். வாடை மூச்சை அடைக்கும். பிரஷ்ஷின் பூச்சையும் கீழே காய்ந்த வர்ணத்தையும் கரைக்கும். மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும், பிசுபிசுப்பை விட்டுச்செல்லும். அதைப் படத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

லின்சீட்டுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் கலக்கலாமா?

கலந்தால் படம் ஒருபோதும் காயாது. வர்ணம் காய்வது தண்ணீர் உலர்வதுபோல் ஆவியாவதால் அல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து இறுகுவதால். லின்சீட்டுக்கு அந்தத் தன்மை உண்டு, தேங்காய் எண்ணெய்க்கு இல்லை. நுவரெலியாவில் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது, வெள்ளையாகக் கட்டிப்பட்டு நிற்கும். அது 24 பாகைக்குக் கீழே உறைவதால் வருவது. வெயிலில் வைத்தால் திரும்ப உருகிவிடும். லின்சீட் இறுகினால் திரும்ப உருகாது. படத்துக்குத் தேவை அந்த இறுக்கம். நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகி, கையில் ஒட்டும் பிசினாகவே கிடக்கும்.

கன்வஸ் நல்லதா, பலகை நல்லதா?

மலையகத்தில் இந்த அளவுப் படத்துக்குப் பலகையைத்தான் சொல்வோம். பருத்திக் கன்வஸ் ஈரப்பதம் மாறும்போது தொய்யும், இறுகும். மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்கலாம்தான், ஆனால் மாதக்கணக்கில் மூடுபனி வந்துபோகும் வீட்டில் அது ஓயாத வேலை. மெல்லிய மயிரை இழுக்க நெசவின் மேடுபள்ளமும் தடை.

ஹாட்போட் அல்லது 6 மில்லிமீட்டர் எம்.டி.எப். துண்டு ஒன்றை 12×16க்கு வெட்டி வாங்குங்கள். ஹாட்போட்டின் பளபளப்பான பக்கத்தை 220 எண் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிறகு வர்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சாகிய அக்ரிலிக் ஜெஸ்ஸோவை முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் என எல்லா இடத்திலும் பூச வேண்டும். பின்பக்கத்தை விட்டால் ஈரம் அந்தப் பக்கமாக ஏறிப் பலகை வளையும். ஓரத்தை விட்டால் எம்.டி.எப். ஊறி உப்பும். இந்தத் தவறைத்தான் பலரும் செய்கிறார்கள்.

பின்பக்கத்துக்கு இரண்டு பூச்சு, முன்பக்கத்துக்கு நான்கு. ஒரு பூச்சு நெடுக்காக என்றால் அடுத்தது குறுக்காக. மழை நாளில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு முழு நாள் விடுங்கள். இடையில் 320 எண் சாண்ட் பேப்பர். முட்டை ஓடுபோல் இருக்கும் வரை தேய்த்தால் போதும், கண்ணாடிபோல் ஆக்கினால் வர்ணம் பிடிக்காமல் வழுக்கும். கடைசிப் பூச்சுக்குப் பின் மூன்று நாள் விட்டுத்தான் எண்ணெய் வர்ணம்.

ஜெஸ்ஸோ கிடைக்கவில்லை. சுவருக்கு அடிக்கும் இமல்ஷன் பூசலாமா?

பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் சுவர் இமல்ஷன் எண்ணெய் வர்ணத்தைப் பல்லாண்டு தாங்கிப் பிடிக்கச் செய்யப்பட்டதல்ல. பிடிப்புப் பலவீனமாகி உரிந்து வரும். எனாமலும் அப்படியே, அதன் வழுவழுப்பில் வர்ணம் வேர்விடாது. துணியில் எதுவும் பூசாமல் நேரடியாக வரைவது இன்னும் மோசம்: எண்ணெய் நூலுக்குள் இறங்கி அதை இற்றுப்போகச் செய்யும். நகரத்துப் புத்தகக் கடையில் ஜெஸ்ஸோ இல்லாவிட்டால் கண்டியிலோ கொழும்பிலோ இருந்து எடுப்பித்துக்கொள்ளுங்கள், அல்லது "பிரைம்" செய்த, அதாவது அடிப்பூச்சு ஏற்கனவே பூசிய, கன்வஸ் போட் வாங்குங்கள்.

மயிர் வரைய எந்தப் பிரஷ்?

எல்லோரும் மெல்லிய பிரஷ்ஷைத்தான் முதலில் தேடுகிறார்கள். வேலையில் முக்கால்வாசி பெரிய பிரஷ்ஷுடையது. பன்றிமயிர் பில்பர்ட் (நுனி வளைந்த தட்டைப் பிரஷ்) 8 ஒன்றும் 6 ஒன்றும் வாங்குங்கள், திரளும் நிழலும் அதில் முடியட்டும். அதன்பின் செயற்கை மயிர் பில்பர்ட் 4, கண்ணுக்கும் மூக்குக்கும் ரவுண்ட் 2, மீசைக்கு நீண்ட மயிருள்ள ரிகர் 1. எண்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். கடையில் எண்ணைவிட அகலத்தைப் பாருங்கள்.

ரவுண்ட் பிரஷ் வாங்கும்போது தண்ணீரில் நனைத்து உதறிப் பாருங்கள். நுனி ஒன்றாகக் கூடி ஊசியாக நிற்க வேண்டும். இரண்டாகப் பிளந்தால் அது எத்தனை மலிவென்றாலும் வேண்டாம்.

தேய்ந்து விரிந்துபோன பழைய தட்டைப் பிரஷ் இருந்தால் எறியாதீர்கள். நுனி மயிரை இடைக்கிடையே கத்தரித்துச் சீப்புப்போல் ஆக்கி, கரைத்த வர்ணத்தில் தொட்டு, மயிர் வளரும் திசையில் இழுத்தால் ஒரே இழுப்பில் ஐந்தாறு மயிர் விழும். மயிர் ஒவ்வொன்றாக எண்ணி வரைந்த நாய் தும்புத்தடிபோலத் தெரியும். நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரங்களில் மட்டும் தனி மயிர் காட்டினால் மீதியைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

புகைப்படம் எப்படி இருக்க வேண்டும்?

புகைப்படத்தையும் பொருட்களில் ஒன்றாகவே எண்ணுங்கள். பல படங்கள் கெடுவது வர்ணத்தால் அல்ல, மோசமான போட்டோவால்.

பிளாஷ் கூடாது. நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. பிளாஷ் அடித்தால் கண் பச்சை விளக்காகிவிடும், கண்ணின் நிறம் தெரியாது. போனை முகத்துக்கு அருகில் பிடித்தால் மூக்கு பெருத்து காது சிறுக்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம் செய்யுங்கள். உங்கள் கண் அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும், அதனால் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொள்வது நல்லது. இஸ்தோப்பின் ஒரு பக்க வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியை நிழலில் விடும், வடிவம் தெரியும்.

மூடுபனி நாளில் எடுத்த படத்தில் நிழல் மெதுவாக இருக்கும். கறுப்பு நாய்க்கு அது மிக நல்லது, வெள்ளைப் பூனைக்குத் தட்டையாகிவிடும். கறுப்பு நாயை எடுக்கும்போது திரையில் அதன் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

ஸ்டூடியோவில் 6×8 அங்குலத்தில் மட் கடதாசியில் அச்சிடுங்கள். அதில் ஒரு அங்குலக் கட்டம், பலகையில் இரண்டு அங்குலக் கட்டம் போட்டால் 12×16க்குச் சரியாக இரட்டிப்பாகும். பலகையில் பென்சிலை அழுத்திக் கோடு போடாதீர்கள். எண்ணெய் வர்ணம் வருடங்கள் போகப்போக ஊடுதெரியும், கோடு மேலே வரும். மெல்லிய கரிக்கோலால் கோடிட்டு, துணியால் தட்டிவிட்டு, கரைத்த அம்பரால் மேலே வரையுங்கள்.

கண்ணுக்குத் தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டியது அந்த ரவுண்ட் 2 பிரஷ் மட்டும். ஆனால் கண்ணுக்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள், வீட்டார் "இது நம்ம நாய்தான்" என்று சொல்வது அங்கேதான்.

பழுப்புக் கண்ணுக்கு பர்ன்ட் சியெனாவும் ஓக்கரும். மேல் இமையின் நிழல் கருவிழியின் மேல்பகுதியில் விழும், அங்கே அம்பர் சேர்த்து இருட்டாக்க வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கமாக நுழைந்தால் எதிர்ப்பக்கக் கீழ்ப்பகுதி உள்ளிருந்து எரிவதுபோல் ஒளிரும், அங்கே சுத்தமான ஓக்கர். நாயின் கண்பாவை வட்டம். பூனையின் பாவை பகலில் நெடுக்குக் கீற்று. கண்ணின் மினுக்கத்துக்குத் தூய வெள்ளையில் ஒரு புள்ளி வைப்பதுதான் பழக்கம். மூடுபனி வெளிச்சத்தில் அது புள்ளியாக இருக்காது, வானத்தின் வடிவில் வெளிர்நீலத் திட்டாக இருக்கும். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபின் வையுங்கள்.

இரண்டு வாரமாகியும் காயவில்லை. என்ன பிழை?

அநேகமாகப் பிழை எதுவும் இல்லை. குளிரில் ஒட்சிசன் சேரும் வேலை மெதுவாகிறது. முதல் பூச்சில் எண்ணெய் சேர்த்திருந்தால்தான் பிழை. முதல் பூச்சு டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாக. இரண்டாவது டியூபில் வந்தபடி. மூன்றாவதில் பாதாம் அளவு வர்ணத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு லின்சீட். எண்ணெய் கூடிய பூச்சு கீழேயும் குறைந்த பூச்சு மேலேயும் வந்தால், மேல் பூச்சு முன்பே இறுகி, கீழே அசையும்போது வெடிக்கும்.

அவசரமென்றால் லின்சீட்டுக்குப் பதில், வர்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் அல்கிட் மீடியம் வாங்குங்கள். நுவரெலியா, அக்கரப்பத்தனை, ஹோட்டன் சமவெளிப் பக்கம் உள்ளவர்களுக்கு இதை அவசியப் பொருளாகவே சொல்லலாம். மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் தொடக் காய்ந்துவிடும்.

அடுப்படியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். புகையும் கரித்தூளும் ஈர வர்ணத்தில் ஒட்டினால் எடுக்க முடியாது; சூட்டில் தடித்த வர்ணத்தின் மேல்தோல் சுருங்கும். அலமாரிக்குள் பூட்டியும் வைக்காதீர்கள், இருட்டில் லின்சீட் மஞ்சளாகும். நேர் வெயில் படாத யன்னலோரம், உள்சுவரில், காற்றோட்டமாக.

ஒரே காம்பராவில் பிள்ளைகளும் நாயும் இருக்கிறார்கள். வாடை ஆபத்தில்லையா?

குளிருக்காக யன்னலை மூடும் அறையில் டர்பன்டைன் திறந்திருக்கக் கூடாது. கூண்டுப் பறவை இருந்தால் அதே அறையில் வரையவே கூடாது. பூனை தன் உடம்பை நக்கும் பிராணி. காலில் பட்ட கரைப்பானும் வர்ணமும் நேரே வயிற்றுக்குப் போகும். இப்படிப்பட்ட வீட்டுக்குத் தண்ணீரில் கரையும் எண்ணெய் வர்ணம் என்று தனியாக வருகிறது, அதையே வாங்குங்கள். கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் போதும். முதல் பூச்சில் தண்ணீர் அதிகம் சேர்த்தால் வர்ணம் திரிந்ததுபோலாகும், அதை மட்டும் கவனியுங்கள்.

எண்ணெய்த் துணியை என்ன செய்வது?

இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். லின்சீட் பட்ட துணியைக் கசக்கி மூலையில் போட்டால், எண்ணெய் இறுகும்போது வரும் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வரைந்து முடிந்ததும் துணியைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரத்தில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். விறகு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பிரஷ் கழுவுவது?

துணியால் துடைத்து, டர்பன்டைனில் அலசி, சன்லைட் போன்ற கட்டிச் சவர்க்காரத்தில் உள்ளங்கையில் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். கொதிநீர் பட்டால் தகரப் பிடிக்குள் இருக்கும் பசை இளகி மயிர் உதிரும். நுனியைக் கூட்டிப் படுக்கவைத்து உலர்த்துங்கள்.

படத்தின் பின்னால் பூஞ்சணம் பிடிக்கிறது.

சுவரோடு ஒட்டி மாட்டியிருப்பீர்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவர் வியர்க்கும். சட்டத்தின் கீழ் இரு மூலையிலும் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். பிடித்த பூஞ்சணத்தை வெளியே கொண்டுபோய், முகத்தை மூடிக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள்; ஈரத்துணி வேண்டாம்.

வார்னிஷ் எப்போது பூசலாம்?

மெல்லிய படத்துக்கு ஆறு மாதம், தடித்த பூச்சுக்கு ஒரு வருடம். அதற்கு முன் யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால், தற்காலிகமாகப் பூசும் ரீடச் வார்னிஷ் மெல்லியதாக ஒரு தடவை.

நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே முக்கியம். ஈரக் காற்றில் பூசிய வார்னிஷ் பால்போல் வெளுக்கும், கறுப்பு நாயின் மேல் அது அப்பட்டமாகத் தெரியும். தேயிலைக் கணக்கே இதற்கும் பொருந்தும். திம்புள்ளப் பக்கம் தரமான கொழுந்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவில் வறண்ட பகல்கள் கிடைக்கும். ஊவாவில் அந்தப் பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. பண்டாரவளை, பதுளைக்காரர்கள் அப்போது பூசலாம், மேற்குச் சரிவில் அதே மாதங்கள் தென்மேற்கு மழை. காலை பத்து மணிக்குப் பின், படத்தையும் வார்னிஷ் போத்தலையும் ஒரே அறையில் இரண்டு மணித்தியாலம் வைத்து இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின், படுக்கவைத்து, இரண்டங்குல மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் பூசுங்கள். பூசிய இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மூடுபனி இறங்குமுன் அது கைக்கு ஒட்டாமல் ஆகியிருக்க வேண்டும்.